அப்பாவின் பழைய கேஸ் கிரில்: எதைக் காப்பாற்றினேன், எதைத் தூக்கிப் போட்டேன்

வீட்டு மூலையில் வருஷக்கணக்காகச் சும்மா நிற்கும் கேஸ் கிரில்லை, அதாவது கம்பித்தட்டில் இறைச்சியோ காயோ வைத்துச் சுடும் வெளிப்புற அடுப்பை, சரிசெய்து திரும்ப எரிய வைக்கலாமா, இல்லை பழைய இரும்போடு போட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் அப்பா வாங்கிய கிரில்லை முழுசாகப் பிரித்து, சுத்தம் பண்ணி, மறுபடி புழக்கத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். அந்த வேலையில் கடைசி வரை நான் பிடித்துக்கொண்ட கொள்கை ஒன்றுதான். உடம்பில் எதையெல்லாம் காப்பாற்ற முடியுமோ அதையெல்லாம் காப்பாற்று, கேஸ் ஓடும் வழியில் சந்தேகம் வந்த எதையும் வைத்துக்கொள்ளாதே. மூடி, பெட்டி, கால், கைப்பிடி எல்லாம் பழசாக இருந்தாலும் யாருக்கும் ஆபத்தில்லை, குடும்ப ஞாபகமும் அதில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரப்பர் குழாய், ரெகுலேட்டர், பர்னர் இவையெல்லாம் தேய்ந்து தீரும் சாமான்கள். அப்பா கையால் மாட்டியது என்பதற்காக வெடிப்பு விட்ட குழாயை வைத்துக்கொள்ள முடியாது.

எங்களுடையது இரண்டு பர்னர் கிரில். மூடியும் அடிப்பெட்டியும் கனமான வார்ப்பு அலுமினியம். நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பிக்கும் முன்பே வாங்கியது. பர்னருக்கு மேலே ஒரு கம்பி வலை, வலைமேல் எரிமலைக் கல் பரப்பியிருக்கும், அந்தக் காலத்துக் கிரில்களில் அதுதான் வழக்கம். கல் சூடேறி, மேலேயிருந்து சொட்டும் கொழுப்பு அதில் பட்டுப் புகையும். 1985இல் வெபர் நிறுவனத்தின் ஜெனிசிஸ் கிரில் கூரை போல மடித்த உலோகப் பட்டைகளோடு வந்தது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லின் இடத்தைப் பட்டைகள் பிடித்துக்கொண்டன. எங்கள் கிரில் அதற்கு முந்தைய பாணி.

அண்ணனுக்கு இதில் இஷ்டமே இல்லை. "இதுக்கு மெனக்கெடற நேரத்துல புதுசே வாங்கிடலாம்" என்றான். அப்பா மட்டும், "அந்தப் பெட்டிக்கு ஒண்ணும் ஆகாதும்மா, உள்ள இருக்கறதைப் பூரா மாத்திடு" என்றார். அவர் சொன்னது பாசத்தில் சொன்னதில்லை, சரியான கணக்கு. வார்ப்பு அலுமினியம் துருப்பிடிக்காது. மெல்லிய இரும்புத் தகட்டில் எனாமல் பூசிச் செய்த பெட்டி என்றால், எனாமல் உதிர்ந்த இடத்திலிருந்து துரு தின்ன ஆரம்பித்து அடியில் ஓட்டை விழுந்துவிடும், அப்படி ஓட்டை விழுந்த பெட்டியைக் காப்பாற்ற நினைப்பது வீண்வேலை. கொழுப்பும் நெருப்பும் எங்கே போகக் கூடாதோ அங்கே, அதாவது கீழே இருக்கும் சிலிண்டர் பக்கம், போக வழி கிடைத்துவிடும்.

அதனால் ஸ்பானரை எடுக்கும் முன் ஒரு சோதனை. மூடியைக் கழற்றி வைத்துவிட்டு அடிப்பெட்டியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள், எங்கேயாவது வெளிச்சம் வருகிறதா என்று. மூடி கீல் மாட்டும் காதுகளில் விரிசல் இருக்கிறதா பாருங்கள். தாங்கும் இரும்புச் சட்டத்தில் துருப்பிடித்த இடமெல்லாம் ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்திக் குத்துங்கள், உள்ளே போனால் அந்தக் கால் வெயிட்டைத் தாங்காது. எவர்சில்வர் பாகங்கள் என்று நினைப்பவற்றில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். 304 என்ற எவர்சில்வர் ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு, காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. 430 ரகத்தில் நிக்கல் கிட்டத்தட்ட இல்லை, காந்தம் கப்பென்று ஒட்டும், ஈரத்தில் துருவும் சீக்கிரம் வரும். ஒட்டிவிட்டது என்பதற்காகத் தூக்கிப் போட வேண்டாம், அந்தப் பாகத்தைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பின்பக்கமோ கீழ் அலமாரிக் கதவின் உட்புறமோ ஒரு தகட்டில் மாடல் எண்ணும், எந்த கேஸுக்கான கிரில் என்பதும் பொறித்திருக்கும். பிசுக்கைத் துடைத்துவிட்டு அதை முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உதிரி பாகம் தேட அந்த எண்தான் ஆதாரம். தகடு இல்லையென்றாலும் வழி உண்டு. பர்னரின் மொத்த நீளம், ஸ்க்ரூ துளைகளுக்கு இடையே உள்ள தூரம், வால்வு நுழையும் வாயின் அகலம், இந்த மூன்றையும் அளந்துகொண்டால் பல கிரில்களுக்குப் பொருந்தும் பொதுவான பர்னர்கள் கிடைக்கும். அப்புறம், பிரிக்கப் பிரிக்க ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுங்கள். எந்த ஸ்க்ரூ எங்கேயிருந்து வந்தது என்று அப்போது நன்றாக ஞாபகம் இருப்பது போலத்தான் தோன்றும்.

சிலிண்டரை மூடி, கழற்றி, வெட்டவெளியில் நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை எல்லாம்.

இந்த வேலையில் பாதி நேரம் துருப்பிடித்த போல்ட்டோடுதான் போகும். பொறுமையாகச் செய்தால் முக்கால்வாசி போல்ட் முழுசாக வந்துவிடும். துரு இளக்கும் எண்ணெயை அடித்துவிட்டு ராத்திரி முழுக்க விடுங்கள், மறுநாள் இன்னொரு தடவை அடியுங்கள். திருப்பும்போது முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு மயிரிழை திருப்பிவிட்டு அப்புறம் கழற்றும் பக்கம் திருப்புங்கள், துருவின் பிடி அந்த அசைவில் உடைந்துவிடும். அதற்கும் மசியாவிட்டால் சூடு. அலுமினியம் சூட்டில் இரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிகிறது. இரும்பு போல்ட் அலுமினியப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டிருந்தால், போல்ட்டை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடுகாற்று மெஷினால் சூடுபடுத்த வேண்டும், துளை கொஞ்சம் பெரிதாகி போல்ட் விடுபடும். அதற்கு முன்னால் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும், அது தீப்பிடிக்கும் சரக்கு.

அப்படியும் தலை உடைந்தால் கலங்க வேண்டியதில்லை. மிச்சமிருக்கும் தண்டின் நடுவில் ஒரு சின்னக் குழி போட்டு, மெல்லிய டிரில்லில் ஆரம்பித்து, படிப்படியாகப் பெரிய டிரில்லுக்குப் போனால் துளை மீண்டும் கிடைத்துவிடும். இரும்பைவிட அலுமினியம் மிருதுவானது, டிரில் முனை நடுவிலிருந்து வழுகினால் அந்தப் பக்கம்தான் ஓடும். அதனால் அந்தக் குழியை நட்டநடுவில் போடுவதில் செலவழிக்கும் நேரம் வீணாகாது. எங்கள் பெட்டியில் பர்னரைப் பிடித்திருந்த போல்ட்டுகள் தலை முழுக்கத் துருவாகி ஒரு உருண்டையாகிவிட்டிருந்தன, ஸ்பானர் பிடிக்கவே இடமில்லை. அதை ஆக்ஸா பிளேடால் அறுத்துத்தான் எடுத்தேன். திரும்ப மாட்டும்போது எல்லாமே எவர்சில்வர் போல்ட், மரை இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க, சூடு தாங்கும் பசை தடவி. இரண்டு வேறு வேறு உலோகம் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் அரிபடும், அந்தப் பசை அதை ரொம்பவே தள்ளிப்போடும். துத்தநாகம் பூசிய போல்ட் மலிவாகக் கிடைக்கிறது என்று நெருப்புப் பெட்டிக்குள் போடாதீர்கள். துத்தநாகம் 420 டிகிரியிலேயே உருகிவிடும், அதன் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலும் குளிரும் வரும். சமைக்கிற இடத்தில் அதற்கு என்ன வேலை?

மூடியின் உட்புறத்தில் கறுப்பாகச் செதில் செதிலாக உரிந்து தொங்குவதைப் பார்த்ததும், பெயின்ட் உரிந்து சாப்பாட்டில் விழுகிறது என்று பலரும் கிரில்லையே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அண்ணன் முதலில் காட்டிய காரணமும் அதுதான். பொதுவாக மூடியின் உட்புறத்துக்குப் பெயின்ட் அடிப்பதே கிடையாது. அது வருஷக்கணக்காகப் படிந்த கொழுப்பும் புகையும் கரியாகி, காய்ந்து, அடுக்கடுக்காக உரிவது. பட்டி பார்க்கும் தகட்டால் சுரண்டினால் பெரிய பெரிய ஏடாக வந்துவிடும், மிச்சத்துக்குச் சூடான சோப்புத் தண்ணீரும் ஸ்கிரப்பரும் போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பேக்கிங் ஓவனைச் சுத்தம் செய்ய விற்கும் ஸ்பிரே பலவற்றில் காஸ்டிக் சோடா இருக்கிறது. அது இரும்பை ஒன்றும் செய்யாது, எனாமலிலும் பரவாயில்லை, ஆனால் அலுமினியத்தை அரித்துத் தின்னும், நுரைத்துக்கொண்டு ஹைட்ரஜன் வாயுவும் வெளியே வரும். பளபளவென்று இருந்த வார்ப்பு கறுத்துச் சொரசொரவென்று ஆகிவிடும். அலுமினியப் பெட்டி என்றால் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். எவர்சில்வருக்கு வேறு இரண்டு எதிரிகள். ஒன்று, குளோரின் உள்ள பிளீச், அது குத்திக் குத்திக் குழி போடும். இன்னொன்று, சாதாரண இரும்பு நார். அதன் துகள்கள் மேலே ஒட்டிக்கொண்டு, மறுநாள் பார்த்தால் எவர்சில்வரே துருப்பிடித்தது போலத் தெரியும். நைலான் ஸ்கிரப்பரால், உலோகத்தில் கோடு ஓடும் திசையிலேயே தேய்த்தால் கீறலும் தெரியாது.

பிசுக்கெல்லாம் போன பிறகு பர்னருக்கு வந்தேன். பழைய கிரில்லில் தீ மஞ்சளாக எரிந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் எரிந்தாலோ, குமிழைத் திருகிய இடத்துக்குப் பின்னால் 'புஸ்' என்று தீ வந்தாலோ, முதலில் சந்தேகப்பட வேண்டியது சிலந்தியை. பர்னர் குழாய் வால்வைச் சந்திக்கும் இடத்தில் பக்கவாட்டில் ஒரு திறப்பு இருக்கும். அந்த வழியாகக் காற்று உள்ளே இழுபட்டு கேஸோடு கலந்தால்தான் தீ நீலமாக எரியும். இருட்டு, ஒதுக்குப்புறம், ஒடுக்கமான குழாய், சிலந்தி கூடு கட்ட இதைவிட நல்ல இடம் எது? எங்கள் இடது பர்னரில் அந்தத் திறப்புக்குள் டார்ச் அடித்துப் பார்த்தபோது வெள்ளையாகப் பஞ்சு அடைத்தது போல ஒரு சுவர் தெரிந்தது. மெல்லிய கம்பியின் முனையை வளைத்து இழுத்தேன். வலை, அதில் சிக்கிய பூச்சிச் சிறகுகள், காய்ந்து போன முட்டைப் பை, எல்லாம் சேர்ந்து ஒரே திரியாக வந்தது. அதைத் தாண்டி கேஸ் போவதே பாடு, காற்று எங்கே போகும்? அடைப்பு முழுசாக இருந்தால் கேஸ் பர்னருக்குள் போகாமல் வாயிலேயே பின்வாங்கி, குமிழ் பலகைக்கு அடியில் எரிய ஆரம்பித்துவிடும். அங்கேதான் வால்வும் ரப்பர் குழாயும் இருக்கின்றன.

சிலந்தியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 2011இல் மஸ்டா நிறுவனம் மஸ்டா 6 கார்கள் ஏறத்தாழ 65,000ஐத் திரும்ப அழைத்தது, எரிபொருள் தொட்டியின் காற்றுக் குழாயில் ஒருவகை மஞ்சள் சிலந்தி வலை பின்னி அடைத்துவிடலாம் என்பதற்காக. கார் தொட்டிக்கே அந்தக் கதி என்றால், மாதக்கணக்கில் வெளியே சும்மா நிற்கும் கிரில்லைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பர்னர் குழாய் முழுநீளத்துக்கும் போகும் வளையக்கூடிய பிரஷ் விற்கிறார்கள், அதை விட்டு இழுத்துவிட்டு, காற்று அடித்துவிட வேண்டும். திறப்பில் மாட்டும் மெல்லிய எவர்சில்வர் வலை கிடைத்தால் மாட்டுங்கள். ஆனால் அந்த வலையிலும் தூசி அடைக்கும், மாட்டிவிட்டு மறந்துவிடக் கூடாது.

பர்னரின் துளைகளைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்யலாம், பெரிதாக்கக் கூடாது. துரு தின்று இரண்டு துளை ஒன்றாகச் சேர்ந்துவிட்டாலோ, மடிப்பு ஓரத்தில் கீறல் விட்டிருந்தாலோ அந்தப் பர்னரின் காலம் முடிந்தது. எங்களுடைய இரண்டையும் மாற்றினேன். வலது பர்னர் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் திருப்பிப் பிடித்து நகத்தால் தட்டியதும் அடியிலிருந்து துரு பொலபொலவென்று கொட்டியது.

குமிழ் பலகையைக் கழற்றியபோது ஒன்று கண்ணில் பட்டது. ஒரு வால்வின் தண்டைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பி, சுற்று சுற்றாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், கடைசி முனையை உள்ளே மடித்து அழகாகக் கட்டியிருந்தது. அப்பாவுக்கு போன் போட்டுக் கேட்டேன். "அது உள்ளே இருந்த ஸ்பிரிங் போயிடுச்சும்மா. அப்ப பார்ட்ஸ் கிடைக்கல. குமிழ் லூசா ஆடிட்டே இருந்துச்சு, அதான் கட்டினேன். நீ வால்வையே மாத்திடு, அதை அப்படியே விடாதே" என்றார். ஸ்பிரிங் இருந்தால்தான் குமிழை அமுக்கித் திருப்ப வேண்டியிருக்கும், குழந்தை தெரியாமல் தட்டினால் திறந்துகொள்ளாது. வால்வை மாற்றினேன், கட்டியவரே சொன்ன பிறகு யோசிக்க ஒன்றுமில்லை. அந்தச் செப்புச் சுற்றை மட்டும் கலையாமல் உருவி எடுத்து ஸ்க்ரூ டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

வால்வின் நுனியில் இருக்கும் பித்தளை ஜெட் ரொம்ப முக்கியமான சின்னச் சாமான். அதில் உள்ள துளையின் அளவுதான் எவ்வளவு கேஸ் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. அடைத்திருந்தால் மரப் பல்குச்சியின் முனையோ, அழுத்தி அடிக்கும் காற்றோ போதும். ஊசி, டிரில் எதையும் உள்ளே விடாதீர்கள், பித்தளை மிருதுவானது, துளை பெரிதாகிவிடும். இதோடு சேர்த்து இன்னொன்று. குழாய் வழியாக வரும் இயற்கை எரிவாயுவுக்கான கிரில்லும், சிலிண்டர் கிரில்லும் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆனால் ஒரே கன அளவில் புரொப்பேன் தரும் வெப்பம் இயற்கை எரிவாயுவைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு, அழுத்தமும் வேறு. இயற்கை எரிவாயு ஜெட் பெரிய துளையோடு இருக்கும், அதில் சிலிண்டரை மாட்டினால் தீ எல்லை மீறி எழும்பும். யாரோ கொடுத்த பழைய கிரில் என்றால் இதைத் தகட்டில் பார்க்காமல் எதையும் இணைக்க வேண்டாம். மாற்ற வேண்டுமென்றால் தயாரிப்பாளர் அதற்கென்று தரும் ஜெட்டும் ரெகுலேட்டரும் சேர்த்து, அந்த வேலை தெரிந்தவர் கையால்தான் மாற்ற வேண்டும்.

ரப்பர் குழாயையும் ரெகுலேட்டரையும் பற்றி எனக்கு இரண்டு அபிப்பிராயம் கிடையாது. வயசு தெரியவில்லையா, மாற்றுங்கள். குழாயை விரலால் வளைத்துப் பாருங்கள். நேராக இருக்கும்போது தெரியாத வெடிப்பெல்லாம் வளைவின் வெளிப்பக்கம் வாயைத் திறக்கும். 20 டிகிரி வெயிலில் புரொப்பேன் சிலிண்டருக்குள் சுமார் 7 பார் அழுத்தம், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ ஏழு மடங்கு, இருக்கிறது. ரெகுலேட்டர் அதை ஏறத்தாழ 200இல் ஒரு பங்காகக் குறைத்துத்தான் பர்னருக்கு அனுப்புகிறது. உள்ளே இருப்பது ஒரு ஸ்பிரிங்கும் ஒரு ரப்பர் சவ்வும், அந்தச் சவ்வு வயசானால் விறைத்துப் போகும். அதைப் பிரித்துச் சரிசெய்ய நினைக்கவே கூடாது, புதுசு மாட்டுவதுதான் ஒரே வழி. சிலிண்டரிலும் பரிசோதனைத் தேதி பொறித்திருக்கும், கெடு தாண்டியிருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

கம்பித்தட்டு வார்ப்பிரும்பாக இருந்தால் எவ்வளவு துரு இருந்தாலும் பெரும்பாலும் மீட்டுவிடலாம். நான் பண்ணியது, பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், அதில் சலவை சோடா, கார் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் கிளிப் கம்பித்தட்டில், பாசிட்டிவ் கிளிப் ஒரு பழைய இரும்புத் துண்டில், இரண்டும் ஒன்றை ஒன்று தொடாமல். துரு தானாக இளகி, தேய்த்தால் போகிற மாதிரி ஆகிவிடும். இதைத் திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும், ஹைட்ரஜன் வரும். பாசிட்டிவ் பக்கம் எவர்சில்வரைப் போடவே கூடாது, அதிலிருக்கும் குரோமியம் நச்சான வடிவத்தில் தண்ணீரில் கரைந்துவிடும். துரு போனதும் கழுவி, உடனே காயவைத்து, எண்ணெயை ரொம்ப மெல்லிசாகத் தடவி, தடவியதையும் துணியால் துடைத்து எடுத்துவிட்டு, 200 முதல் 230 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். எண்ணெய் கெட்டிப்பட்டுக் கறுப்பு மேல்பூச்சாக மாறும். தோசைக்கல் பழக்குவது போலத்தான். தடிமனாகத் தடவினால் பிசுபிசுப்பாக நிற்கும், மெல்லிசாகப் பல தடவை தடவுவதுதான் சரி. எனாமல் பூசிய கம்பித்தட்டில் எனாமல் உடைந்து உதிர ஆரம்பித்திருந்தால் மாற்றிவிடுங்கள், அது கண்ணாடிச் சில்லுக்குச் சமம்.

கம்பி பிரஷை நான் இப்போது கம்பித்தட்டின் பக்கம் கொண்டுபோவதில்லை. உடைந்த கம்பி முள் தட்டில் ஒட்டி, சாப்பாட்டோடு தொண்டைக்குள் போகிறது. அமெரிக்காவில் 2002 முதல் 2014 வரை இப்படிக் காயப்பட்டு அவசரப் பிரிவுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 1,700 பேர் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. சுருட்டிய ஈரத் துணியை இடுக்கியில் பிடித்துச் சூட்டோடு தேய்த்தாலே சுத்தமாகிவிடுகிறது.

பெயின்ட் வேலை வெளிப்பக்கத்துக்கு மட்டும். 600 டிகிரி வரை தாங்கும் என்று எழுதியிருக்கும் ஸ்பிரேயை வாங்கி, உப்புத்தாளால் தேய்த்து, பிசுக்குத் துளி இல்லாமல் துடைத்து, மெல்லிய பூச்சாகப் பல தடவை அடித்தேன். இந்தப் பெயின்ட் காய்ந்தால் மட்டும் போதாது, சூட்டில் இறுக வேண்டும். அதற்கு எப்படிப் படிப்படியாகச் சூடேற்றுவது என்று டப்பாவிலேயே இருக்கும், அதை அப்படியே செய்யுங்கள். கீழ் அலமாரிக் கதவின் உட்புறத்துக்கு மட்டும் நான் பெயின்ட் அடிக்கவில்லை. சிலிண்டர் மாற்றிய தேதியை அப்பா அதில் பென்சிலால் வரிசையாக எழுதிக்கொண்டே வந்திருக்கிறார், சில தேதிகளுக்குப் பக்கத்தில் யார் பிறந்தநாள் என்றும். புதுக் குழாய் மாட்டிய தேதியை நானும் அதே வரிசையில் எழுதினேன். அடுத்த தடவை குழாயின் வயசு என்ன என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை.

சக்கரம், கைப்பிடி, பக்கப் பலகை இதெல்லாம் அவரவர் வசதிப்படி. கைப்பிடி மரத்தை உப்புத்தாளால் தேய்த்து எண்ணெய் விட்டேன், அவ்வளவுதான்.

பொறி வரும் பட்டன் வேலை செய்யவில்லை என்றால் உடனே புதுசு வாங்காதீர்கள். பேட்டரி இல்லாத பட்டன் என்றால் உள்ளே ஒரு படிகம் இருக்கும், சுத்தியல் போல ஒரு துண்டு அதை அடித்ததும் மின்சாரம் பிறக்கும். அழுத்தத்தில் மின்சாரம் தரும் இந்தக் குணத்தை 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள். படிகம் அவ்வளவு எளிதில் கெடாது. பெரும்பாலும் கோளாறு கம்பி முனையில் இருக்கும் துரு, வெள்ளைப் பீங்கானில் விரிசல், அல்லது பொறி தாண்ட வேண்டிய இடைவெளி விலகியிருப்பது. அந்த இடைவெளி ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் இருந்தால் பொறி சரியாக விழும். எங்களுக்கு முனையைத் தேய்த்து, கொஞ்சம் வளைத்து வைத்ததிலேயே 'டக்' என்று நீலப் பொறி வந்துவிட்டது.

எல்லாம் மாட்டியாயிற்று என்றால் தீக்குச்சிக்கு முன்னால் சோப்புத் தண்ணீர். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவமும் தண்ணீரும் சமமாகக் கலந்து, குமிழ்கள் எல்லாம் மூடிய நிலையில் சிலிண்டரை மட்டும் திறந்து, ஒவ்வொரு இணைப்பிலும் பிரஷால் தடவுங்கள். சிலிண்டர் வாய், ரெகுலேட்டரின் இரண்டு பக்கம், குழாயின் முழு நீளம், வால்வுத் தண்டு. குமிழி ஊதினால் கசிவு. மூடி, இறுக்கி, மறுபடி தடவிப் பாருங்கள், அப்படியும் ஊதினால் அந்தப் பாகத்தை மாற்றுங்கள். மூக்கை மட்டும் நம்பாதீர்கள். வாசனைக்காகக் கலக்கும் ரசாயனம் நல்ல உதவிதான், ஆனால் மெல்லிய கசிவு திறந்தவெளியில் காற்றோடு போய்விடும், குமிழியில் மட்டும்தான் தெரியும்.

முதல் தடவை பற்ற வைக்கும்போது மூடி கட்டாயம் திறந்திருக்க வேண்டும். புரொப்பேன் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனம், மூடிய பெட்டிக்குள் அடியில் தேங்கிக்கொள்ளும், பொறி விழுந்ததும் மொத்தமாகப் பிடிக்கும். சில விநாடிக்குள் பற்றவில்லையென்றால் அணைத்துவிட்டு, ஐந்து நிமிஷம் மூடியைத் திறந்தே வைத்திருந்துவிட்டு அப்புறம் முயற்சி பண்ணுங்கள். தீ பற்றியும் ரொம்பச் சின்னதாக, சூடே ஏறாமல் எரிகிறதா? புது ரெகுலேட்டர் சிலவற்றில் கேஸ் திடீரென்று வேகமாக ஓடினால் கசிவு என்று நினைத்து ஓட்டத்தைக் குறைத்துவிடும் பாதுகாப்பு இருக்கிறது. சிலிண்டரைப் படக்கென்று திறந்தாலோ, குமிழைத் திறந்து வைத்துக்கொண்டு சிலிண்டரைத் திறந்தாலோ அது மாட்டிக்கொள்ளும். எல்லாவற்றையும் மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, ஒரு நிமிஷம் விட்டு, திரும்ப மாட்டி, சிலிண்டரை மெல்ல மெல்லத் திறந்தால் சரியாகிவிடும். இது தெரியாமல் நல்ல ரெகுலேட்டரைத் திருப்பிக் கொடுத்தவர்கள் நிறையப் பேர்.

தீ நீலமாக, நுனியில் கொஞ்சம் மஞ்சளோடு, பர்னர் நீளத்துக்கும் ஒரே உயரத்தில் ஓட வேண்டும். எங்கள் இடது பர்னர் முதலில் மஞ்சளாகவே எரிந்தது. காற்றுத் திறப்பில் இருந்த சின்ன மூடுதகட்டைத் தளர்த்தி, கொஞ்சம் அகலமாகத் திறந்து வைத்ததும் நீலத்துக்கு வந்துவிட்டது. ரொம்பத் திறந்தால் தீ பர்னரை விட்டு எழும்பி உறுமும், அந்தச் சத்தம் கேட்டால் கொஞ்சம் திரும்ப மூட வேண்டும். அப்புறம் மூடியைச் சாத்தி, அரை மணி நேரம் முழுச் சூட்டில் காலியாக எரிய விட்டேன், மிச்சமிருந்த சோப்பு வாசனையும் எண்ணெயும் போக.

இனி தொடர்ந்து செய்ய வேண்டியதில் நான் விடாமல் பார்ப்பது கொழுப்பு வடியும் தட்டைத்தான். கிரில்லில் தீ பெரிதாகப் பிடிப்பதற்கு ஒரு முக்கியக் காரணம் அது நிரம்பிக் கிடப்பது. அதில் அலுமினியத் தாளைக் கண்டபடி விரித்து வடியும் வழியை அடைத்துவிடாதீர்கள். கொழுப்பில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, கொதிக்கும் கொழுப்பு நெருப்போடு நாலா பக்கமும் சிதறும். கை எட்டினால் கேஸை மூடி, மூடியைச் சாத்தி, விலகி நிற்க வேண்டும். வீட்டுக்குள்ளோ, கார் நிறுத்தும் மூடிய கொட்டகையிலோ மழைக்காக இழுத்து வைத்து எரிப்பதும் வேண்டாம், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. மேல் உறையைக் கிரில் முழுசாக ஆறிய பிறகுதான் போட வேண்டும், உள்ளே ஈரம் அடைபட்டால் போட்ட பெயின்ட்டெல்லாம் வீண். ரொம்ப நாள் நிறுத்தி வைத்துவிட்டுத் திரும்ப எடுக்கும்போது, சிலிண்டரை மாட்டும் முன் அந்தக் காற்றுத் திறப்புகளில் ஒருதடவை டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கள் வலது பர்னரில் இப்போதே ஒரு நூல் வலை வந்திருந்தது.